மாக் பண்ணுகிறாள் என்று ஒரு புகார்

அந்த முதியோர் விடுதி ஆயாவுக்கு ரேடியோ என்றுதான் பெயர். பதினேழு வருஷமாக ஆட்களைத் தூக்கி உட்காரவைத்து அவள் இடுப்புதான் தேய்ந்தது, வாய் தேயவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவரைத் தினமும் பத்தடி நடக்கவைப்பது அவள் பொறுப்பு.

"என்ன டிரைவரே, வண்டி இன்னும் டிப்போவை விட்டே கிளம்பலையா? பின்னாடி நின்னு தள்ளட்டுமா?"

"கண்டக்டர் ஒழுங்கா இருந்தா வண்டி தானா போகும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஒருநாள் இதைக் கேட்ட அவர் மகள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். தலைமை நர்ஸ் ரேடியோவைக் கூப்பிட்டாள்.

"அவங்க அப்பாவை நீ மாக் பண்றியாம்."

"அப்படின்னா?"

"கேலி. ஆளை மட்டம் தட்டிப் பேசுறது."

"போன மாசம் மாக் டிரில்னு எங்களை மாடிப்படியில ஓடவிட்டீங்களே சிஸ்டர், அதுவும் இதுதானா?"

"அது ஒத்திகை. இது மெமோ. இன்னொரு புகார் வந்தா உன் வேலை போயிடும். வாயைக் கட்டு."

கட்டினாள். மறுநாள் காலை, "வணக்கம் ஐயா. எழுந்திரிங்க ஐயா" என்றாள். டிரைவர் திருதிருவென்று விழித்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். நான்காம் நாள் நடக்க மறுத்தார். ஐந்தாம் நாள் மகள் வந்ததும் குரலைத் தணித்துக் கேட்டார்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு? மறைக்காதே. இன்னும் எத்தனை நாளாம்?"

"என்னப்பா உளர்றீங்க?"

"பின்னே? ரேடியோ எனக்கு ஐயா போடுறா. பிழைக்கப் போறவனுக்கு யாராவது இவ்வளவு மரியாதை குடுப்பாங்களா?"

மகள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் வாக்கரோடு நின்ற ரேடியோவுக்கு மெமோ ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு வாரம் படுத்தே கிடந்தால் இந்தக் கால் எதற்கும் உதவாது என்பதும் அவளுக்குத் தெரியும். வாக்கரைக் கட்டிலோரம் டொக்கென்று வைத்தாள்.

"போறதுன்னா டிக்கெட் எடுக்கணும் டிரைவரே. கவுன்ட்டர் அந்தக் கோடியில இருக்கு. நடந்துதான் போகணும்."

டிரைவர் போர்வையை உதறினார். "டிரைவர்கிட்ட யாரு டிக்கெட் கேக்குறது? என்கிட்ட பாஸ் இருக்கு!"

"அதைக் காட்டத்தான் கூப்பிடுறாங்க. இறங்குங்க."

இறங்கினார். ஓர் அடி, இரண்டடி. கண்டக்டரைத் திட்டிக்கொண்டே மூன்றாவது.

மகள் மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் புகாரை வாபஸ் வாங்க யாரைப் பாக்கணும்?"

"தலைமை சிஸ்டரை. அது அப்புறம். முதல்ல வழியில கிடக்கிற அந்த நாற்காலியை எடுங்கம்மா."