இடது பக்கத்து பெல்ட்

அப்பா மாரடைப்பில் செத்த பிறகு அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு சீட் பெல்ட் மாற்றினேன். புது பெல்ட்டுகள் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வந்தன. பத்துபஸ்தி வீட்டு வாசலில் வைத்தே மெக்கானிக் பழையதைக் கழற்றினார். அப்பா பக்கத்து பெல்ட் வெளுத்திருந்ததே தவிர நூல் பிரியவில்லை. அம்மா உட்காரும் இடது பக்கத்து பெல்ட்தான் நெஞ்சுக்கு நேராக, ஒரு பிடி அகலத்துக்கு, நைந்து பிசிறாகத் தொங்கியது.

“எல்லாம் உப்புக்காத்து, பாய்சாப்” என்றார் மெக்கானிக்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்புக்காற்று என்ன, ஆள் பார்த்தா அரிக்கும்? வீட்டில் சண்டை என்றால் அப்பா எங்களை இந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். மலை வளைவுகளில் வேண்டுமென்றே வேகமெடுப்பார். அம்மா மன்னிப்புக் கேட்கும்வரை குறைக்க மாட்டார். பின்சீட்டில் ஒடுங்கிக் கிடந்து நான் எல்லாம் பார்த்திருக்கிறேன். சாவு வீட்டில்கூட, “என்னமா வண்டி ஓட்டுவார்!” என்று அவரைப் புகழ்ந்தார்கள்.

புது பெல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அம்மாவை உட்காரச் சொன்னேன். மாட்டிக்கொண்டாள். நான் சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். சாவிகூடப் போடவில்லை. அம்மாவின் கை தானாக மேலேறி, நெஞ்சுக்கு நேராகப் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தது.