மிதித்துப் பார்த்த கல்

எழுபத்து மூணாம் வருஷம், மார்கழி மாதம், காலை ஐந்தே முக்காலுக்கு மரக்காணத்தில் திண்டிவனம் பஸ் ஏறினோம். நான் ஒருத்தன், என் சிநேகிதன் கன்னியப்பன் ஒருத்தன். டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் பத்து பைசா. கன்னியப்பன் அனுமந்தையில் கட்டுமரம் வைத்து மீன் பிடிப்பவன். கடல் நாலு நாளாகச் சரியில்லை, வலை சும்மா கிடந்தது. எனக்கும் வேலையில்லை. மழைத் தண்ணீர் உப்பளத்தில் நிற்கிற மாதத்தில் உப்புக்காரன் ஊர் சுற்றலாம்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். நான் அஞ்சாவதுகூடத் தாண்டாதவன். பன்னிரண்டு வயதில் அடுத்தவர் அளத்தில் கூலிக்கு உப்பு வாரினேன். நாற்பதாவது வயதில் அதே அளத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். யாரும் தூக்கிவிடவில்லை. காலால் தரையைப் படிப்பதில் இந்தக் கரையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. மழை விட்டதும் பாத்தி வரப்பெல்லாம் மேலே காய்ந்து உள்ளே கூழாக இருக்கும். தலையில் கூடையோடு ஏறினால் உடைந்துவிடும். அதனால் ஏறுவதற்கு முன் குதிகாலால் மூன்று மிதி மிதிப்போம். வரப்பு தாங்குமா தாங்காதா என்று அந்த மூன்று மிதியில் தெரிந்துவிடும். நான் மிதித்துச் சரி என்று சொன்ன வரப்பு ஒன்றுகூட உடைந்ததில்லை.

பயணத்துக்குக் காரணம் செஞ்சியில் என்னிடம் உப்பு வாங்கும் கடைக்காரர். அங்கே ஒரு குன்றில் பாறைக்குகை இருக்கிறதாம், உள்ளே கோடையிலும் வற்றாத சுனை இருக்கிறதாம். "உள்ள போன வெளியூர்க்காரங்க பாதியில திரும்பிடுவாங்க"ன்னு சொன்னார். "நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்"னு சொல்லிவிட்டேன். சொன்னால் செய்கிறவன் நான்.

பஸ்ஸில் கன்னியப்பன் கேட்டான்: "ஏம்பா வீராசாமி, ஒரே ஒரு வாட்டி என் மரத்துல ஏறின. கரை தாண்டறதுக்குள்ள காலைச் சோத்தைக் கடலுக்குக் குடுத்துட்ட. நீ குகைக்குள்ள போறியா?"

"அது ஆடுச்சு. குகை ஆடாது."

"ஆடாதுன்னு யார் சொன்னது?"

"கல்லுடா அது. கல்லு எங்கியாவது ஆடுமா?"

முன் சீட்டில் கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரித்தது என்று தெரியவில்லை.

ஏழே காலுக்குத் திண்டிவனம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆளுக்கு நாலு இட்லியும் காப்பியும் சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பு கம்மி. ஓட்டல்காரரிடம் சொன்னேன், அவர் கண்டுகொள்ளவில்லை. எட்டு மணிக்குச் செஞ்சி பஸ். பதினேழு மைல், எண்பத்தைந்து பைசா. பாதி வழியில் குன்றுகள் ஆரம்பித்தன. எங்கள் ஊரில் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியது பனைமரத்தை மட்டும்தான். மற்றதெல்லாம் தரையோடு தரை. இங்கே பார்த்தால், யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டிவிட்டு, அம்பாரத்தை ஒழுங்கு பண்ணாமலே போய்விட்ட மாதிரி இருந்தது. எங்கள் அளத்தில் உப்பை இப்படிக் குவித்து வைத்தால் அன்றைக்கே கூலியை நிறுத்துவேன்.

செஞ்சிக்கு முன்னாலேயே இறங்கி, மேற்கே மூன்று மைல் நடந்தோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. படித்துவிட்டு யாராவது போய் நுழைவார்கள்.

பத்தரை மணிக்குக் குன்றடியில் கல் உடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டோம். பெயர் ஏழுமலை, ஐம்பது வயது இருக்கும். சுத்தியலைக் கீழே வைக்காமலே பேசினார்.

"மழை பேஞ்சி எட்டு நாளுதான் ஆவுது ஐயா. கல்லுக்கு நடுவுல இருந்த மண்ணு கரைஞ்சிருக்கும். தை மாசம் வாங்களேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்றேன்.

"அப்போ ஒண்ணு. உள்ள எதையும் தட்டாதீங்க, மிதிக்காதீங்க. ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சிக்கினு இருக்குது. நாங்களே அங்க சுத்தியலை எடுத்துக்கினு போவ மாட்டோம்."

சரி என்றேன். கல் உடைக்கிறவர் கல்லைப் பற்றிச் சொல்கிறார், நான் கேட்டிருக்க வேண்டும்.

பதினொன்றேகாலுக்கு உள்ளே போனோம். குகை என்றால் குடைந்த குகை இல்லை. மலை இடுக்கில் வீட்டளவுப் பாறை விழுந்து குவிந்திருக்கிறது. அந்தக் குவியலுக்கு அடியில் இருக்கிற சந்துதான் வழி. வாய் ஒரு ஆள் குனிந்து போகிற அளவு. இருபது கெஜம் போனதும் வெளிச்சம் நின்றுவிட்டது. மூன்று பேட்டரிக் கட்டை போட்ட டார்ச் லைட் கன்னியப்பன் கையில். வௌவால் நாற்றம், கூடவே ஈர மண் வாசனை. கால் வைக்கிற இடமெல்லாம் தலையணை அளவுக் கல், சில இடத்தில் கால் வைத்ததும் கல் திரும்பிப் படுத்தது. கன்னியப்பன் முழங்காலை லேசாக மடக்கி, கல் போகிற பக்கம் தானும் போய், ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தான். நான் ஒவ்வொரு கல்லையும் அதட்டி அதட்டி நடந்தேன்.

அப்புறம் அந்தப் பலகைக் கல் வந்தது. மாட்டு வண்டி நீளம் இருக்கும், குறுக்கே படுத்திருந்தது. நடு வயிறு மட்டும் இன்னொரு பாறையின் முதுகில் உட்கார்ந்திருந்தது. வலது முனை சுவரோரம். இடது முனைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு சந்து. கன்னியப்பன் குப்புறப் படுத்து அதில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் தண்ணீரை அள்ளிக் குடிக்கிற சத்தம் கேட்டது.

"வீராசாமி, சுனை இங்கதான்! எளநி மாதிரி இருக்குதுப்பா. படுத்து வா."

படுத்துப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. கல்லுக்கு மேலே ஏறித் தாண்டலாம் என்று பார்த்தேன். இடது முனையில் ஏறி நின்று, பழக்கம் போகுமா, குதிகாலால் மிதித்தேன். ஒன்று. இரண்டு. கெட்டியாகத்தான் இருந்தது. மூன்றாவது மிதியில் கல் கீழே போனது.

பின்னால் குதித்துவிட்டேன். மேலேயிருந்து சின்னக் கல்லெல்லாம் உருண்டு சந்தில் இறங்கியது. எல்லாம் அடங்கினபோது, முழங்கால் உயரம் இருந்த வழி நாலு விரல் கீற்றாகிவிட்டது. கீற்றுக்கு அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம்.

"ஏம்பா, என்னா பண்ண?"

"மிதிச்சுப் பாத்தேன்."

டார்ச் வெளிச்சம் கீற்று ஓரமாக நகர்ந்தது. "உனக்கு அடி பட்டுச்சா?"

"இல்ல. உனக்கு?"

"இல்ல. ஆனா இங்க வேற வழி கிடையாது."

கையால் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. "ஏழுமலையைக் கூட்டிக்கினு வர்றேன், கடப்பாரையோட வருவாரு" என்றேன்.

"வேணாம். மேலேருந்து மண்ணு கொட்டிக்கினே இருக்குது. நீ போயி வர்றதுக்குள்ள எல்லாம் எறங்கிடும். சுவரோரத்து முனை இருக்குதுல்ல, அங்க ஏறு. மிதிக்காத. என் கட்டுமரத்துல ஏறுற மாதிரி ஏறு."

"மரத்துல ஏறத் தெரியாதுன்னு நீதானே சொன்ன?"

"அதான், இப்ப கத்துக்க."

ஏறினேன். கல் என் பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. இடது முனை ஒரு சாண் தூக்கிக்கொண்டது. மேல் பாறை என் பிடரியில் இடித்ததால் பாதி குனிந்தபடி நிற்க வேண்டியிருந்தது.

"இன்னும் ஓரம் போ. போதும். நான் கல்லை வழிச்சிட்டு வர்றேன். அதுவரைக்கும் காலை மாத்தாத. நீ எறங்கினா அது என் முதுகு மேல எறங்கும்."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"தெரியல. நீ நில்லு. வேற ஒண்ணும் செய்யாத."

ரேடியம் முள் வைத்த கைக்கடிகாரம் கட்டியிருந்தேன், சொந்தக் காசில் பாண்டிச்சேரியில் வாங்கியது. நான் நின்ற மூலையின் இருட்டில் அது மட்டும்தான் தெரிந்தது. பதினொன்று ஐம்பது. அவன் கல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பின்பக்கம் போடும் சத்தம். என் கழுத்தில் மண் விழுந்துகொண்டிருந்தது. கல் மூச்சு விடுகிற மாதிரி சன்னமாக மேலும் கீழும் ஆடியது. கன்னியப்பன் கட்டுமரம் மாதிரியேதான். முழங்காலை மடக்கி அது போகிற பக்கம் போகவிட்டேன், ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. கால் மரத்துப்போனது. முதலாளியாக ஆனபின் அரை மணி நேரம் சும்மா நின்றவன் இல்லை நான். இவன் சம்சாரத்திடம் அனுமந்தையில் போய் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

பன்னிரண்டு இருபத்திரண்டுக்குத் தலை வந்தது. அப்புறம் ஒரு தோள். மார்பு மாட்டிக்கொண்டது. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, இஞ்ச் இஞ்சாக வந்தான். நானும் மூச்சு விடவில்லை. பாதம் வெளியே வந்ததும் அப்படியே படுத்துக் கிடந்தான்.

"இப்ப எறங்கு. மெதுவா."

இறங்கினேன். கல் 'டும்' என்று உட்கார்ந்தது. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் டார்ச்சை அவன் உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தான். கல்லுக்கு அடியில் நூல் மாதிரி வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. கட்டை மூன்றும் புதுசு. தொட்டுத் தடவி வெளியே வந்தபோது மணி ஒன்று.

குன்றடியில் ஏழுமலை கன்னியப்பன் முதுகைப் பார்த்தார். சட்டை கிழிந்து, தோல் வரிவரியாக உரிந்திருந்தது.

"யாருய்யா மிதிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியப்பன் சொன்னான்: "யாரும் மிதிக்கல. கல்லு தானா அசைஞ்சிடுச்சு."

ஏழுமலை என் காலைப் பார்த்தார். மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

செஞ்சிக் கடைக்காரரிடம் சுனையைப் பார்த்ததாகச் சொன்னேன். மரக்காணத்தில் கேட்டவர்களிடம் கல் தானாக அசைந்ததாகச் சொன்னேன். இத்தனை வருஷம் அப்படித்தான் சொல்லிவந்தேன். சுனையைப் பார்த்தது அவன், கல்லை மிதித்தது நான். இங்கே எழுதியிருப்பதுதான் சரி.

எங்கள் மண்ணை மிதித்தால் அது இறுகும். அந்த மண் வேறு, இந்த மண் வேறு என்று தெரிந்துகொள்ள நாற்பது மைல் போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலை கன்னியப்பன் ஒரு கூறு கெழுத்தி மீனோடு அளத்துக்கு வந்தான். பாத்திக்கு நடுவில் வரப்பு மேல் நின்றுகொண்டிருந்தேன். அவன் வரப்போரம் வந்து, காலை வைக்காமல் நின்றான்.

"மிதிச்சுப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"அப்போ நீ முன்ன போ" என்றான்.

முன்னால் போனேன்.