அப்பா தேர்ந்தெடுத்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரை விட்டுவிட்டு மற்ற எல்லோரிடமும் மாமா யோசனை கேட்டார்.

அந்த ஒருவர் என் அம்மா. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ரைஃபிள் சுட்டவள். பரங்கிமலைப் பக்கம் நடந்த போட்டியில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கியவள். அந்தக் கோப்பை தி. நகரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுச் சமையலறை அலமாரியில் இருந்தது. அதில் பட்டை, கிராம்பு போட்டு வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் குறிபார்த்ததெல்லாம் பால் எப்போது பொங்கும் என்பதை மட்டும்தான்.

மாமா அம்மாவின் தம்பி. ஜவ்வாது மலையடிவாரத்தில் அவருக்கு வேர்க்கடலை போட்ட நிலம் இருந்தது. அறுவடைக்குத் தயாராகும் நேரமாகப் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து வயலை உழுதுவிட்டுப் போகும். அனுமதி வாங்கிக்கொண்டு அவற்றைச் சுடுவார்கள். ஊர் ஆட்கள் வரிசையாக நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டே புதரைக் கலைத்து வர, மிரண்ட பன்றி மறுபக்கம் பாய்ந்து ஓடும். அங்கே துப்பாக்கியோடு காத்திருப்பவர் அது கண்ணில் படுகிற அந்த ஒரு நொடியில் சுட வேண்டும்.

முந்தின வருடம் மாமா யாரிடமோ இரவல் வாங்கிய பாயிண்ட் டூ டூ ரைஃபிளோடு நின்றிருக்கிறார். அதன் தோட்டா பென்சில் முனை அளவுதான் இருக்கும். பன்றிக்குக் காயம் பட்டதே தவிர விழவில்லை. திரும்பி வந்து மாமாவின் தொடையைக் கிழித்துவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, எங்கள் கூடத்தில்தான் வாரக்கணக்கில் படுத்திருந்தார். கட்டு மாற்றியது அம்மா. அவர் தூங்கின பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுததும் அம்மா.

இந்தத் தடவை சொந்தமாக ஒன்று வாங்குவது என்று மாமா கிளம்பி வந்திருந்தார். மவுண்ட் ரோடு கடையில் பழைய ரைஃபிள் இரண்டைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று தர்ட்டி நாட் சிக்ஸ். நீளமான பேரல், மேலே தொலைநோக்கி, யானையைக்கூட உட்கார வைத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். இன்னொன்று த்ரீ ஒன் ஃபைவ். தோட்டாவின் வேகம் அதைவிடக் குறைவு, பேரலும் குட்டை. மாமாவின் மனசு முதலாவதின் மேல்தான் இருந்தது. தொடையைக் கிழித்துக்கொண்ட மனிதருக்குப் பெரியது வேண்டும் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

அதற்கு யோசனை கேட்ட ஆட்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பாவைக் கேட்டார். அப்பா இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர், ஒரு கொசுவைக்கூட முதல் அடியில் கொன்றதில்லை. இரண்டு பேரும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நீளமான பேரல்தான் குறி தவறாது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

சமையலறை வாசலில் வந்து நின்று அம்மா சொன்னாள்: “பன்னி நின்னு போஸ் குடுக்காதுடா. குறுக்க ஓடும். பேரல் நீளமா இருந்தா எப்படித் திருப்பிப் பிடிப்ப?”

மாமா சிரித்துக்கொண்டே, “அக்கா, காபி கொஞ்சம் சூடா குடேன்” என்றார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. அம்மா காபியைச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கீழ்வீட்டுக்காரர் குடித்துவிட்டு இறங்கிப் போகும் வரை காத்திருந்தாள். பிறகு நாற்காலி போட்டு ஏறி, ஜன்னலில் இருந்த திரைக்கம்பியைக் கழற்றினாள். துணியை உருவிப்போட்டுவிட்டுக் கம்பியை மாமா கையில் கொடுத்தாள்.

“இதான் உன் பெரிய துப்பாக்கி. இவதான் பன்னி. சுடு பார்ப்போம்.”

பன்றி நான். கூடத்தின் ஒரு கதவிலிருந்து மறு கதவுக்கு ஓட வேண்டும். ஓடினேன். மாமா கம்பியைத் திருப்பினார். அது காலண்டரைத் தள்ளி, அலமாரியில் இடித்து, என்னைப் பிடிப்பதற்குள் நான் படுக்கையறைக்குள் போய்விட்டேன். மறுபடி ஓடச் சொன்னார். இந்த முறை சுவிட்ச் பெட்டியில் மாட்டிக்கொண்டது. அம்மா கம்பியை வாங்கிக்கொண்டு அப்பாவின் குடையைக் கொடுத்தாள். குடை நுனி முதல் ஓட்டத்திலேயே என் விலாவோடு சேர்ந்து வந்தது.

அதோடு அவள் விடவில்லை. அப்பாவின் கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் கொடுத்து, புதர் கலைக்கும் ஆளாக எதிர்ச்சுவர் ஓரம் நிற்க வைத்தாள். அப்பா தட்டினார். நான் ஓடினேன். மாமா “டுமீல்” என்றார்.

“அப்படியே நில்லு. குடை எங்க பார்க்குது பாரு.”

பார்த்தோம். என்னைத் தாண்டி நேராக அப்பாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பன்னிக்குள்ள போன தோட்டா உள்ளயே தங்கிடும்னு நெனச்சியா? பெரிய துப்பாக்கின்னா அதைத் துளைச்சிக்கிட்டு அடுத்த ஆள் வரைக்கும் போவும். தோளையும் அது உதைக்கிற உதையில ரெண்டாவது குண்டுக்குக் கண்ணை மூடிக்குவ. கிட்டத்துல சுடறதுக்கு அந்தச் சின்னதே தாராளம். ஆனா பழையபடி டூ டூ வேணாம். எதுவா இருந்தாலும் பன்னி ஆளுங்க வரிசையை விட்டு விலகி, உன்னைத் தாண்டி ஓடினப்புறம்தான் சுடணும்.”

மாமா குடையைத் தாழ்த்தினார். முகம் வெளுத்திருந்தது. அப்புறம், அம்மா அங்கே நிற்கவே இல்லை என்பதுபோல, தட்டும் கையுமாக நின்றிருந்த அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

“நீங்க என்ன சொல்றீங்க அத்தான்?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் குனிந்து கம்பியில் திரைத்துணியைக் கோத்துக்கொண்டிருந்தாள். “சின்னதையே வாங்கிடு” என்றார் அப்பா.

அறுவடை முடிந்து மாமா வந்தபோது தோளில் கான்வாஸ் உறை தொங்கியது. கீழ்வீட்டுக்காரரும் மேலே வந்து உட்கார்ந்தார். மாமா எழுந்து நின்று நடித்தே காட்டினார். புதர் அசைந்ததாம். கரேலென்று ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வெளியே வந்ததாம். ஆட்கள் தகரத்தோடு பின்னாலேயே இருந்ததால் இவர் சுடாமல், பேரலைக் கூடவே திருப்பி, தன்னைத் தாண்டவிட்டு ஒரே குண்டில் சாய்த்தாராம்.

“எல்லாம் அத்தான் யோசனை. தட்டைத் தூக்கிக்கிட்டு நின்னு காட்டினாரு பாருங்க, அன்னிக்கித்தான் எனக்கு உறைச்சுது. இல்லேன்னா ஒரு உயிர் போயிருக்கும்.”

“சார் இவ்ளோ விஷயம் தெரிஞ்சவர்னு எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார் கீழ்வீட்டுக்காரர்.

அப்பா மறுக்கவில்லை. மறுக்காததோடு, “ஒரு காமன் சென்ஸ்தான்” என்று வேறு சொன்னார்.

“பொய்! சொன்னது அம்மா! அப்பா சும்மா தட்டைத் தட்டினாரு, அவ்ளோதான்!” என்று கத்தினேன்.

மாமா சிரித்தார். எனக்குப் பரிந்து, இல்லை, தனக்காகப் பரிந்து அம்மா ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பெரியவங்க பேசுற இடத்துல என்னடி வாய் நீளுது? போய்த் தண்ணி கொண்டா.”

மூன்று பேருக்கும் நான்தான் தண்ணீர் கொடுத்தேன். மாமாவின் டம்ளரை டக்கென்று வைத்ததில் பாதி சிந்தியது. மத்தியானம் சாப்பிட மாட்டேன் என்று கூடத்து மூலையில் பாய் போட்டுக் கவிழ்ந்து படுத்துவிட்டேன். அப்பாமேல் இருந்த கோபத்தைவிட, மாமாமேல் இருந்த கோபத்தைவிட, அம்மாமேல் இருந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. யாருமே கூப்பிடவில்லை என்பதில் அது இன்னும் வளர்ந்தது.

மாமா குளிக்கப் போனார். அப்பா வெற்றிலை வாங்கக் கீழே இறங்கினார். நான் தூங்குகிறேன் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். உறையின் பித்தளைக் கொக்கியைச் சத்தமில்லாமல் கழற்றினாள். ரைஃபிளை எடுத்து, அதன் பின்பக்கத்து இரும்பைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ரைஃபிளின் பின்கட்டையைத் தோளில் வைத்தாள். அலமாரியிலிருந்து ஜன்னல் வரை, சுவரில் எதுவோ ஓடுவதைப்போலப் பேரல் மெதுவாக, ஒரு நடுக்கமும் இல்லாமல், கூடவே போயிற்று. ஜன்னல் ஓரத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது.

குளியலறையில் தண்ணீர் சத்தம் ஓய்ந்ததும் ரைஃபிளை இறக்கினாள். தலைப்பை உருவி, கன்னம் பட்ட இடம், கை பட்ட இடம், விரல் பட்ட இடம் என்று ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு உறைக்குள் முன்பு இருந்தபடியே வைத்துக் கொக்கியை மாட்டினாள்.

இவ்வளவு நடந்த பிறகு மாமாவின் துப்பாக்கிக்குத் தூசி வேறு தட்டி வைக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.