பவுலின் தெருவுக்கு வழி

தரையில் கிடக்கும் எதையும் மலர்கொடி குனிந்து எடுப்பதில்லை. காலிப் பாட்டில், தேங்காய் ஓடு, யார் வீட்டுக் குழந்தையோ விட்டுப்போன பொம்மை, எதுவானாலும் இடது காலின் உட்புறத்தால் ஒரு தட்டுத் தட்டி ஓரத்துக்கு அனுப்பிவிடுவார். உப்பளத்திலிருந்து திரும்பும் வழியில், தூக்குவாளி கையில் ஆட, இந்தத் துப்புரவுப் பணி நடக்கும். குறி தவறினால் தன்னையே திட்டிக்கொள்வார்: “வயசாயிடுச்சிடி உனக்கு.”

நாற்பதைத் தாண்டியவர். மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிறார். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிப் பாதங்கள் வெடித்துக் கிடக்கின்றன. பேசுவதெல்லாம் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரலில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் உப்பு கேட்டால்கூட அப்படித்தான்.

வசிப்பது மலர்கொடி தெரு. அந்த மலர்கொடி இவரேதான். இவரும் தோழிகளும் ஒரு காலத்தில் கால்பந்து அணி வைத்திருந்தார்கள். மாவட்டக் கோப்பையைக்கூட ஊருக்குத் தூக்கி வந்தார்கள். பின்னாளில் உப்பளத் தொழிலாளர்களுக்கு மனை பிரித்துக் கொடுத்தபோது, தெருக்களுக்கு அவர்கள் பெயரையே வைக்கலாம் என்றார் இளைஞர் மன்றத்து ஜெயப்பிரகாஷ். உயிரோடு இருப்பவர்கள் பெயரையா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். “அதுக்குன்னு சாவ முடியுமாங்க?” என்று கேட்டவர் மலர்கொடி. போர்டுகள் வந்துவிட்டன: செந்தமிழ் தெரு, திரௌபதி தெரு, பவுலின் தெரு. பார்சல்காரர் போனில், “மலர்கொடிங்களா? மலர்கொடி தெரு எங்கங்க இருக்குது?” என்று குழம்பும்போது இன்றைக்கும் அவருக்கு வெட்கம் கலந்த சிரிப்பு வருகிறது.

பவுலின் விஷயத்தை என்னிடம் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் இறங்கிவிடுகிறது.

அணியிலேயே அவருக்கு நெருக்கமான தோழி பவுலின். கீழ்புத்துப்பட்டில் வாழ்க்கைப்பட்டவர். தெருவுக்குப் பெயர் வைத்த சேதி போனதும், பவுலினின் கணவர் லாரன்ஸ் ஒருநாள் காலையில் பைக்கில் வந்து இறங்கினார். கையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா. “கண்டவன் வாயிலயும் எம் பொண்டாட்டி பேரு வரணுமா?” என்று கத்திக்கொண்டே போர்டை முழுக்க வெள்ளையடித்தார். பவுலின் பைக்கை விட்டு இறங்கவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

“சண்டைக்குப் போயிருப்பேங்க. ஆனா அவ அப்டி உக்காந்திருக்கிறா. நான் ஒண்ணு பேசினா வூட்ல அவளுக்கு ஒம்போது விழும்.”

மறுபடி எழுதிவிடலாம் என்று மன்றத்துப் பையன்கள் கிளம்பியபோதும் அதையே சொல்லித் தடுத்தார் மலர்கொடி. “எழுத வேணாம்பா. பேசுவோம். வாய்க்கு எவன் வந்து பெயிண்ட் அடிப்பான்?”

அன்றிலிருந்து பேசத் தொடங்கினார். தேவை இருக்கிறதோ இல்லையோ, பேச்சில் பவுலின் தெரு வந்துவிடும். “பவுலின்ல தண்ணி வரலங்க” என்று பேரூராட்சிக்குப் போன். கேஸ்காரரிடம், “பவுலின் வழியா வாப்பா, அதான் ஷார்ட்.” மீன்காரம்மாவிடம், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடம், ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம். பவுலின் யார் என்று கேட்டவர்களுக்குக் கதையும் சொன்னார். வருஷங்கள் போயின. போர்டு வெள்ளையாகவே நின்றது. ஊர் வாயில் பெயர் ஊறிவிட்டது.

நான் அவரைப் பார்க்கப் போயிருந்த அன்று சாயங்காலம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய பெண்ணைப் பார்த்ததும், கையிலிருந்த டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் திணித்துவிட்டு ஓடினார் மலர்கொடி. பவுலின்தான். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குத் தனியாக வந்தவர், திரும்பும் வழியில் எட்டிப் பார்க்க வந்திருக்கிறார்.

“என்னாடி சொல்லி வெச்சிருக்கிற ஊர்ல?” என்றார் பவுலின், உட்காரக்கூடச் செய்யாமல். “ரெண்டாவது தெரு வழியா போப்பான்னு சொன்னேன். அப்டி ஒண்ணு இல்லியே, பவுலின் தெருவான்னு கேக்கிறான் ஆட்டோக்காரன். யாருப்பா அந்த பவுலின்னு கேட்டா, கோல் போட்டா வலையே பிச்சிக்குமாம்னு சொல்றான்!”

“பிச்சிக்கலியா?”

“நான் கோல்கீப்பர்டி!”

சொல்லிச் சொல்லித் தான் ஊதிவிட்ட கதை பிடிபட்டதில் மலர்கொடி ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். அடுத்த கணம் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. லாரன்ஸ் மாறிவிட்டாரா என்று மலர்கொடி கேட்கவில்லை. தான் இங்கே வந்தது அவருக்குத் தெரியாது என்று பவுலினே சொன்னார்.

இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். பவுலின் தெரு முனை வரை மூவரும் நடந்தோம். வெள்ளைப் போர்டின் முன்னால் பவுலின் கொஞ்ச நேரம் நின்றார். அதில் கையை வைத்தும் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு போக மலர்கொடி ஆட்டோவுக்குப் போன் போட்டார். எங்கே வரணும் என்று எதிர்முனை கேட்டதும், பதில் சொல்லாமல் போனைத் தோழியிடம் நீட்டினார்.

பவுலின் தயங்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். “பவுலின் தெருங்க” என்றார், காற்றுக்கும் கேட்காத குரலில்.

“எங்கங்க?” என்றது போன்.

மலர்கொடி உப்பில் வெளுத்த உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, தோழியின் முகத்துக்கு நேரே உயர்த்தி உயர்த்திக் காட்டினார்: இன்னும், இன்னும் சத்தமாக.