பால்வாடியில் காத்திருந்த மாலை

பிற்பகல் மூன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. மகளின் வகுப்புத் தோழி புனேக்கு வெளியே தேஹு ரோடு ஸ்டேஷன் வாசல் டெலிபோன் பூத்திலிருந்து பேசினாள். "ஆன்ட்டி, ஜல்தி ஆயியே!" சீக்கிரம் வரச் சொன்னாள். காலையில் ஊசி போட்ட ஒரு குழந்தைக்குக் கடும் காய்ச்சலாம். அந்தக் குடிசைப் பகுதியின் பஸ்திக்காரர்கள் என் மகளை உட்கார வைத்துக்கொண்டு விடமாட்டோம் என்கிறார்களாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பிற்பகலில் தொலைபேசி அடித்தால் என் கை முதலில் வீட்டுச் சாவியைத்தான் தேடுகிறது.

அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் மாணவர்கள் பஸ்திகளுக்குப் போய்த் தாய்மார்களிடம் பேசி, குழந்தைகளைத் தடுப்பூசிக்கு அழைத்து வர வேண்டும். ரயில் பாதையை ஒட்டிய அந்தப் பஸ்தியில் பாதிப் பேர் விழுப்புரம் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்கள். தமிழ் தெரியும் என்று இவளை அங்கே அனுப்பியிருந்தார்கள். புனேயில் பிறந்தவளுக்குத் தெரிந்த தமிழ் எங்கள் சமையலறையைத் தாண்டாது. ஊசி போட்டால் காய்ச்சல் அடிக்கலாம், பயப்பட வேண்டாம், இந்தச் சொட்டு மருந்தைக் கொடுங்கள் என்று மராத்தியில் கடகடவென்று சொல்வாள். தமிழில் அது அவளுக்கு வரவில்லை. சின்ன வயதில் ஊசிக்கு அழும்போது நான் அவளிடம் சொன்னதையே அந்தக் குழந்தையின் தாயிடமும் சொல்லியிருக்கிறாள்: "ஒண்ணும் ஆகாது."

ஆட்டோவில் போய் இறங்கினேன். குழந்தையையும் தாயையும் ஊசி போட்ட நர்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். பால்வாடி அறையில், பிள்ளைகள் உட்காரும் பாயில் என் மகள் பையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். குழந்தையின் அத்தை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் ஆவாதுன்னியே டாக்டரம்மா, இப்ப என்னா ஆச்சு பாத்தியா?"

"நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி. படிக்கிறேன்."

"படிக்கிறதுக்கு எங்க புள்ளதான் கெடச்சுதா?"

நான் அவளுடைய அம்மா என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க. பொண்ணுக்குத் தொணையா நீங்களும் ஒக்காருங்க."

ஊசிக்குக் காய்ச்சல் வருவது வழக்கம்தான் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "போன வருசம் மூத்ததைக் காய்ச்சலுக்குத்தாங்க பறி குடுத்தோம்."

மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவற்றை என் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டேன்.

"அம்மா, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவள் பிறந்ததிலிருந்து எத்தனையோ முறை யோசிக்காமல் சொன்ன பதில். அன்று அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"தெரியலடி," என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அத்தை எங்களைப் பார்க்காதது போல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி வாசலிலேயே போய் நின்றாள்.

விளக்கு போடும் நேரத்தில் ஆட்டோ வந்தது. முதலில் நர்ஸ் இறங்கினார். பின்னால் அந்தத் தாய். இருபது வயதுகூட இருக்காது. தோளில் குழந்தை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை ஓடிப்போய் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடு கொறஞ்சிருக்கு" என்று சுவரில் சாய்ந்து நின்றாள்.

அந்தப் பெண் நேராக என் மகளிடம் வந்தாள்.

"அடுத்த மாசம் ரெண்டாவது ஊசியாம். நீயே வாக்கா. ஆனா காய்ச்சல் வரும்னு மொதல்லயே சொல்லிப்புடு."