ஸ்டூலில் உட்கார்ந்தால் தெரியும் தெரு

படம் எடுக்க ஆட்களை உட்காரவைக்கும் அந்த மர ஸ்டூலின் நான்கு கால்களில் ஒன்று அரை விரற்கடை குட்டை. அடியில் மடித்த அட்டையைச் செருகினால்தான் ஆடாமல் நிற்கும். போன வாரம் தேனியில் மருமகளோடு எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்குப் புது அறை பார்க்கப் போனபோதும் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். உத்தமபாளையத்தில் நாங்கள் கடை வைத்திருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். காலி செய்ய இன்னும் பத்தொன்பது நாள். அதுவரை நான்கு அறைகள் பார்த்திருந்தோம். கண்ணை மூடினால் நான்கும் வரிசையாக வந்து நின்றன.

கடை தொடங்க முதன்முதலில் உத்தமபாளையத்தில் அறை தேடியபோதும் இப்படித்தான் அலைந்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். கடை ஓடாவிட்டால் திரும்பிப் போக இடமில்லை. ஸ்டூலைச் சுவரோரம் வைத்து, அதில் ஆள் இருப்பதாக எண்ணி, எதிர்ச்சுவர் வரை டேப் பிடிப்பேன். ஆறு அறைகள் தேறவில்லை. ஏழாவது, பேருந்து நிலையத்துக்கு எதிரே: நீளம் இருபத்தோரு அடி, அகலம் பத்தரை, வடக்குப் பார்த்த ஜன்னல் இரண்டு. பன்னிரண்டு பேரை நிற்கவைத்து முழு உருவமாக எடுக்கலாம். மாலையில் முடிவு சொல்வதாக இருந்தேன். அதற்கு முன் ஒருமுறை பார்க்கட்டும் என்று மனைவியை அழைத்துப் போனேன்.

அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. நடந்த களைப்பில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திறந்த கதவு வழியே வெளியே பார்த்தவள், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“இங்கன உக்காந்தா அங்கன டீக்கடைல இருக்கவுக அம்புட்டுப் பேரும் என்னையத்தான் பாக்குறாக. இதுல எங்கிட்டுச் சிரிக்க?”

கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றேன். பெண் உள்ளே போனதும் ஸ்டுடியோக்காரர் கதவைச் சாத்தினால் டீக்கடை இன்னும் உற்றுப் பார்க்கும் என்றாள். வாசலுக்குப் போய் எண்ணினேன். பெஞ்சில் பதினோரு பேர்.

மறுநாள் அவளே ஓர் அறையைக் கண்டுபிடித்தாள். ஜவுளிக்கடைக்குப் பின்னால், சந்தில் திரும்பி நுழைய வேண்டும். உள்ளே தலை வார ஒரு தடுப்பு. நீளம் பதினான்கு அடிதான். எட்டு நாள் சண்டை போட்டுவிட்டு ஒப்புக்கொண்டேன். குடும்பப் படமென்றால் பின்கதவைத் திறந்து முற்றத்தில் நின்றுதான் எடுப்பேன். மழை பெய்தால் அவள் குடை பிடிப்பாள். “இருபத்தோரு அடியில இருந்திருந்தா நனைஞ்சிருக்க மாட்டீக” என்று சிரிப்பாள். பாஸ்போர்ட் படத்துக்குக் கம்பத்திலிருந்துகூடப் பெண்கள் வந்தார்கள். அவள் பக்கத்தில் நிற்க, முக்காட்டைக் காதுவரை ஒதுக்கி நிதானமாக உட்கார்ந்தார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பதினான்கு அடிக்குள் கடை ஓடிவிட்டது. அவள் போய் ஆறு ஆண்டும் நான்கு மாதமும் ஆகின்றன.

தேனியில் பார்த்த ஐந்தாவது அறை இருபத்தாறு அடி. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. மருமகளுக்குப் பிடித்துவிட்டது. நான் மறுபடி டேப்பை நீட்டினேன்.

“நாலு தடவ அளந்துட்டீக மாமா. அளந்தா ரூமு வளரவா போகுது?”

டேப்பைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. எதிரே பேக்கரி. டீ கிளாசும் கையுமாக ஒன்பது பேர். ஒன்பது பேரும் கண்ணாடி வழியே என்னைத்தான் பார்த்தார்கள். என்னையறியாமல் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டேன்.

“இதுல எங்கிட்டும்மா சிரிக்க?” என்றேன்.

என்னை எழுப்பிவிட்டு மருமகள் உட்கார்ந்து பார்த்தாள். பேக்கரியில் இருந்த ஒன்பது பேரும் இப்போது அவளைப் பார்த்தார்கள். பிறகு டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அட்டை மட்டும் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆறாவது அறையில் வேண்டியிருக்கும்.