கேட்காமல் விட்ட பத்தொன்பது கேள்விகள்

நீதிமன்ற வளாகத்தில் வக்கீலம்மாவுக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். அவர் காதில் விழாத தூரத்தில்தான் அப்படிச் சொல்வார்கள். எந்த வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "இதே மாதிரி முன்னாடி ஒரு கேஸ்ல" என்று ஆரம்பித்துவிடுவார். நாற்பத்தெட்டு வயது, இருபத்து மூன்று வருட வக்கீல் தொழில். கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் இல்லை. வக்கீலம்மா சொல்லும் பழைய வழக்குகளைக் கடைசிவரை கேட்கிற ஒரே மனிதர் அவர்தான், அதுவும் விடைத்தாள் திருத்திக்கொண்டே.

புது வக்கீல்களுக்குச் சங்கம் வருடாவருடம் நடத்தும் வகுப்பில் ஒரு மணி நேரம் வக்கீலம்மாவுக்கு. அவர் எடுத்துக்கொள்வது எப்போதும் வண்டிக்காரன் வழக்கு. நூறு வருடத்துக்கு முந்தையது. பணக்கார விதவை ஒருத்தியைப் படுக்கையிலேயே கழுத்தறுத்துக் கொன்றதாக அவளுடைய குதிரை வண்டிக்காரனைக் கூண்டில் ஏற்றினார்கள். ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. விசாரணையின் மூன்றாம் நாள், கொன்றது தான்தான் என்று அவன் தன் வக்கீலிடம் ஒப்புக்கொண்டான். வக்கீல் பேர்பெற்ற மனிதர். உண்மை தெரிந்த பிறகும் மறுநாள் அந்த வீட்டுச் சமையற்காரியை நிறுத்தி வைத்து, அவள்தான் செய்திருப்பாள் என்று தோன்றும்படி இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். வண்டிக்காரன் எப்படியும் தூக்கில் தொங்கினான். சமையற்காரியை அதற்கப்புறம் எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. ஒரு வருடத்துக்குள் சித்தம் கலங்கிச் செத்துப்போனாள். வக்கீல் தன் கடைசிக் காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதி வைத்ததால்தான் இதெல்லாம் வெளியே தெரிந்தது.

இதைச் சொல்லிவிட்டு வக்கீலம்மா பலகையில் பாடத்தை எழுதுவார். கட்சிக்காரன் சொன்ன ரகசியம் வெளியே போகக் கூடாது. பாதியில் அவனை அம்போவென்று விடவும் கூடாது. எதிர்த்தரப்பு சொல்வதைத் தட்டிப் பார்க்கலாம், ஓட்டை இருந்தால் காட்டலாம். தெரிந்தே பொய்ச் சாட்சி ஏற்றக் கூடாது. குற்றமில்லாதவர் மேல் கையை நீட்டக் கூடாது. எழுதி முடித்ததும் கையில் ஒட்டிய சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். பதினோரு வருடமாக இதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

அந்த வருடம் ஒரு கொலை வழக்கு வந்தது. மர வியாபாரம் செய்து ஓய்ந்த எண்பத்தொரு வயதுப் பெரியவர் ஒருவர் பிற்பகலில் படுக்கையில் இறந்து கிடந்தார். மூச்சை அடைத்துக் கொன்றதாக அவருடைய அண்ணன் மகன் மேல் வழக்கு. நாற்பது வயதுக்காரன், மருந்துக் கடை வைத்திருந்தான், ஜாமீனில் இருந்தான். அதிர்ந்து பேச மாட்டான். வக்கீலம்மாவை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். பார்க்கிறவர்கள் இவனா என்று கேட்பார்கள். வக்கீலம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

அவனுக்கு எதிராக ஒரே ஒரு முக்கியச் சாட்சி. பெரியவரைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆயாம்மா. அன்று மதியம் இரண்டு மணிக்கு அவன் அந்த அறையிலிருந்து வெளியே போனதைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். வக்கீலம்மா அவருக்காக முப்பது கேள்விகள் எழுதி வைத்திருந்தார். முதல் பதினொன்று, அவர் எங்கே நின்று எதைப் பார்த்தார் என்பது பற்றி. மீதிப் பத்தொன்பதும் ஆயாம்மாவையே குறிவைத்தவை: தூக்க மாத்திரை வைத்திருந்த மருந்து அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது, பெரியவர் உங்களைத் திட்டினாரா, வேலையை விட்டு நிறுத்துவதாகச் சொன்னாரா.

குறுக்கு விசாரணை அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு. அதற்கு முன்னால் கட்சிக்காரனிடம் பேச, தாழ்வாரக் கடைசியில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருக்கும் அறைக்குப் போனார். ஆயாம்மா காலையில் கூண்டில் நின்று அழுததைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. கேள்விகளைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னார்.

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"குறைக்காதீங்க அக்கா. அந்த ஆயா பார்த்தது என்னைத்தான்."

வக்கீலம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"சித்தப்பா தானா போகல. தலையணைதான். நாலு நிமிஷம்கூட ஆகல. அதனாலதான் சொல்றேன், அந்தப் பொம்பளைய விட்டுடாதீங்க. முப்பதையும் கேட்டுடுங்க."

மூன்று மாதமாகத் தன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்த கைகளைப் பார்த்தார். சுத்தமாக நகம் வெட்டிய கைகள். கதவுக்கும் தனக்கும் நடுவில் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் கேஸ் கட்டை மூடி வைத்தார்.

"உங்க மேல சொல்றத நிரூபிக்கச் சொல்லிக் கேட்பேன். அது என் வேலை, அதுல குறை வைக்க மாட்டேன். அந்தம்மா மேல பழி போட மாட்டேன். அந்த நேரத்துல நீங்க அவர்கூட வேற இடத்துல இருந்தீங்கன்னு சொல்ல வந்திருக்காரே உங்க ஃப்ரெண்டு, அவரையும் கூண்டுல ஏத்த மாட்டேன். பிடிக்கலன்னா இப்பவே வேற வக்கீல் வெச்சுக்கலாம்."

அவன் கோபப்படவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான்.

"நீங்க ஏழாம் நம்பர் பஸ்லதானே வீட்டுக்குப் போறீங்க?" என்றான். பிறகு, "பார்த்துப் போங்க அக்கா."

கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தபோது கவுன் முழுக்க நனைந்துவிட்டது. யாரிடம் சொல்வது? நீதிபதியிடம் முடியாது. சீனியரிடம் முடியாது. வழக்கை விட்டு இந்த நிமிஷம் விலகினால் ஏன் என்று குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும். பலகையில் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

இரண்டே காலுக்கு ஆயாம்மா கூண்டில் ஏறினார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வக்கீலம்மா முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டார். எங்கே நின்றீர்கள்? சமையலறை வாசலில். அங்கிருந்து அறை நேராகத் தெரியுமா? தெரியாது, பீரோக் கண்ணாடியில்தான் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தீர்களா? ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். ஆயாம்மா எதையும் மழுப்பவில்லை. பதினோராவது கேள்வி வந்தது.

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா. முதுகுதான் பார்த்தேன். ஆனா அது அவர்தாம்மா."

அது நிஜம் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் கறுப்புக் கவுனில் நின்றுகொண்டிருந்தார். அவர் தாளை மடித்தார். இன்னும் கேட்க வேண்டியது உண்டா என்று நீதிபதி விசாரித்தார். இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். பிடரியில் அவன் பார்வை குத்துவது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

தீர்ப்புக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அவன் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு வந்து வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான், போய்விடுவான். எதற்கு வந்தான் என்று குமாஸ்தாவுக்குத் தெரியாது. ஒரு நாள் பேருந்தில் மூன்று இருக்கை தள்ளி இருந்தான். இவர் இறங்கிய நிறுத்தத்திலேயே இறங்கினான். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்தான். போலீஸில் என்ன சொல்ல முடியும்? பேருந்தில் ஏறுவது குற்றமா?

வீட்டில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, போட்டோமா என்று மறுபடி போய்ப் பார்ப்பார். குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப்போடும். திருடன் வந்தால் விடைத்தாள் கட்டைத்தான் தூக்கிக்கொண்டு போவான், போகட்டும், எனக்கு வேலை மிச்சம் என்று கணவர் கேலி செய்தார். வக்கீலம்மா சிரிக்கவில்லை. கணவர் பேனாவை மூடிவிட்டு, கேஸ் விஷயமா என்று கேட்டார். ஆமாம். சொல்லக் கூடாததா? ஆமாம். அதோடு அவர் விட்டுவிட்டார். மறுநாள் சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நின்றிருந்தார். மழை இல்லை. அதற்கடுத்த நாளும் நின்றிருந்தார்.

தீர்ப்பு அவன் பக்கம் வந்தது. பெரியவருக்கு ஏற்கெனவே நெஞ்சில் சளி கட்டியிருந்தது, மூச்சு முட்டல் தானாகவும் வந்திருக்கலாம் என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், ஆயாம்மாவுக்கு முந்தைய நாளே கூண்டில் சொல்லியிருந்தார். ஆயாம்மாவைப் பற்றி நீதிபதி எழுதியிருந்தது இரண்டு வரி: இந்தச் சாட்சி பொய் சொல்லவில்லை, கண்டதைக் கண்டபடி சொன்னார், ஆனால் அவர் கண்டது ஒருவனைத் தூக்கிலிடப் போதாது. அவன் வக்கீலம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். அவர் மேஜை மேல் கிடந்த தாள்களை அடுக்கினார்.

வெளியே படிக்கட்டில் ஆயாம்மா உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மாவால் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை.

"நான் பொய் சொல்றேன்னு நினைச்சீங்களாம்மா?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

"ஜட்ஜ் எழுதினதைப் படிச்சுக் காட்டவா?" என்று கேட்டார்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டினார். ஆயாம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மருந்து அலமாரிச் சாவி என்கிட்டதாம்மா இருந்துச்சு. அதைக் கேட்பீங்க, பழியை என் மேல திருப்புவீங்கன்னு உயிரைக் கையில பிடிச்சிட்டு நின்னேன். கேட்டிருந்தா நான் அன்னைக்கே செத்திருப்பேன்."

வக்கீலம்மா அந்தத் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து அவன் தன் பேருக்கு வந்த பெரியவரின் வீட்டை விற்றுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டதாகக் குமாஸ்தா வந்து சொன்னார். அதை நம்பவே வக்கீலம்மாவுக்கு இன்னும் சில மாதம் ஆயிற்று. அதுவரை முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் நின்று வழிவிட்டு, ஆள் யாரென்று பார்த்த பிறகுதான் நடந்தார். ஒரு வருடம் குடும்ப வழக்கும் வாடகை வழக்கும் மட்டும் பார்த்தார். அப்புறம் யாரும் எடுக்க முன்வராத ஒரு கொலை வழக்கை எடுத்தார். முதல் நாள் காலையில் கழுத்துப் பட்டையைக் கணவர்தான் கட்டிவிட்டார்.

ஆயாம்மா இப்போது நான்கு தெரு தள்ளி ஒரு வீட்டில் நடக்க முடியாத ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமைகளில் காய்கறிக் கடையில் சில சமயம் எதிர்ப்படுவார். இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். ஆயாம்மா ஒவ்வொரு தக்காளியாக அழுத்திப் பார்த்துப் பொறுக்குவார். வக்கீலம்மா அவர் முடிக்கும்வரை தள்ளி நின்றிருப்பார்.